மைதானமுஞ் சிறுதிரையும்

மனிதனுக்கு மகிழ்ச்சி பிறக்கும் இடங்களை வகுத்துரைத்த தொல்காப்பியர், மெய்ப்பாட்டியலில் உவகைக்குரிய நான்கு நிலைக்களன்களுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். செல்வம், புலன், புணர்வு என்பவற்றோடு ஒப்ப விளையாட்டும் எண்ணப்பட்டமை சிந்திக்கத்தக்கது. ஆயினும், விளையாட்டு என்பது யாது என எவரேனும் வினவின், விடை கூறுதல் எளிதன்று. பந்தும் மட்டையும் விளையாட்டாகா, அவை கருவிகள். கோடிட்ட நிலம் விளையாட்டாகாது, அது களம். சீருடையும் வெற்றிக்கேடயமும் விளையாட்டாகா, அவை அணிகள். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கிய பின்னும் எஞ்சி நிற்பது எதுவோ, அதுவே விளையாட்டின் உயிர். அவ்வுயிரைக் கண்டறிவதற்குரிய நல்ல வழிகளுள் ஒன்று, விளையாட்டை மிகச் சிறியதோர் இடத்துள் அடக்க முயல்வதாகும்.

அத்தகைய முயற்சிக்கு இக்காலத்து மாணவர்க்கு வாய்ப்பான கருவிகள் சில உள. பழைய கணனிகளின் வறுமையை வேண்டுமென்றே மேற்கொண்டு, சிறு திரை, சில நிறங்கள், குறுகிய நினைவகம் என்னும் எல்லைகளுக்குள் விளையாட்டு ஆக்க இடந்தரும் கருவிகள் அவை. மைதானத்து விளையாட்டொன்றை அவற்றுள் எவ்வாறு அடக்குவது, எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வாம்.

முன்னோடிகள் காட்டிய வழி

1958ஆம் ஆண்டு ஒற்றோபர் 18ஆந் திகதி, அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்துப் புறூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தில் பார்வையாளர் தினம் நடைபெற்றது. அங்குப் பணியாற்றிய பௌதிகவியலாளர் வில்லியம் ஹிகின்பொதம், வருவோரை மகிழ்விப்பதற்காக ரெனிஸ் விளையாட்டொன்றை அமைத்திருந்தார். ஒப்புமைக் கணனி ஒன்று பந்தின் பாதையைக் கணித்தது. ஐந்து அங்குல அலைவுகாட்டி அதனைக் காட்டியது. திரையிலே தோன்றியவை நிலக்கோடு ஒன்று, வலையைக் குறிக்குஞ் சிறு கோடு ஒன்று, ஒளிப்புள்ளியாகிய பந்து ஒன்று ஆகிய மூன்றே. ஆட்டக்காரரும் இல்லை, மட்டையும் இல்லை. கையிலிருந்த திருகியாற் கோணத்தை அமைத்துப் பொத்தானை அழுத்தினாற் பந்து திரும்பிச் செல்லும். எனினும் மக்கள் வரிசையிற் காத்து நின்று ஆடினர். வளைந்து விழும் பந்து, இடையே நிற்கும் வலை, அடிக்கவேண்டிய தருணம் என்னும் மூன்றும் இருந்தமையால், ஆட்டக்காரனின் உருவம் இல்லாமை ஒருவருக்குங் குறையாகத் தோன்றவில்லை.

1972இல் றால்வ் பேயரின் ஆக்கத்தை அடிப்படையாகக் கொண்டு மக்னவொக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஒடிசி என்னும் பொறி, தொலைக்காட்சித் திரையிற் சில ஒளிச்சதுரங்களையும் ஒரு கோட்டையும் மாத்திரமே காட்டவல்லது. ஓசையும் இல்லை, புள்ளிக்கணக்கும் இல்லை. களத்தின் படம் அச்சிட்ட ஒளிபுகு தாள்களைத் திரைமேல் ஒட்டி, அதே சதுரங்களைக் கொண்டு வெவ்வேறு விளையாட்டுக்களை ஆடினர். வெற்றி தோல்வியை ஆடுவோரே கணக்கிட்டனர். பொறியால் இயலாததை ஆடுவோரின் கற்பனையும் நேர்மையும் நிறைவு செய்தன.

அதே ஆண்டில் அற்றாரி நிறுவனத்தின் அலன் அல்கோண் அமைத்த பொங் என்னும் மேசைப்பந்து விளையாட்டு, ஒரு நுட்பத்தால் உயர்ந்து நின்றது. மட்டையாகிய சிறு கோட்டினை அவர் எட்டுப் பகுதிகளாகப் பிரித்தார். நடுப்பகுதியிற் பட்ட பந்து நேரே செல்லும். ஓரத்திற் பட்டது சாய்ந்து செல்லும். அடிகள் தொடரத் தொடரப் பந்தின் வேகமுங் கூடும். மேசைப்பந்தாட்ட வீரனொருவன் செய்யும் எண்ணற்ற செயல்களுள், 'பந்தை எவ்விடத்தில் ஏற்பது' என்ற ஒன்றே ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார். அந்த ஒன்றிலே பாதுகாப்பும் தாக்குதலும் அடங்கிவிட்டன. மின்சுற்றின் குறையொன்றினால் மட்டை திரையின் மேல்விளிம்பு வரை செல்லவில்லை. அக்குறையை அவர் திருத்தாது விட்டார். ஏனெனின் அவ்விடைவெளி இல்லையாயின், வல்லுநர் இருவர் ஆடத்தொடங்கின் ஆட்டம் முடிவுறாது. கருவியின் குறை, விளையாட்டின் விதியாக மாறிய இடம் இது.

1977இல் மற்றல் நிறுவனம் அமெரிக்க உதைபந்தாட்டத்தைக் கையடக்கப் பொறியொன்றில் அமைத்தது. அதன் களம், மூன்று வரிசைகளில் ஒன்பது ஒன்பதாக அமைந்த சிவப்பு ஒளிக்கோடுகள் மாத்திரமே. பந்தேந்தி ஓடுபவன் பிரகாசமான கோடு. அவனை மறிப்போர் மங்கலான கோடுகள். உருவ வேற்றுமை காட்ட இயலாத இடத்தில் ஒளியின் வேற்றுமை போதுமானதாயிற்று. அவ்வாண்டிலேயே வெளிவந்த அற்றாரியின் வீட்டுப்பொறி 128 பைற்று நினைவகமே உடையது. இரண்டு ஆட்டக்காரர், இரண்டு எறிபொருள், ஒரு பந்து என்னும் ஐந்து அசையும் பொருள்களையே அதன் வன்பொருள் நேரடியாகத் தந்தது. ஆகையால் 1978இல் அதற்கென ஆக்கப்பட்ட கூடைப்பந்தாட்டத்தில் அணிக்கு ஐவர்க்குப் பதிலாக ஒருவரே ஆடினர். ஐவரின் கூட்டாட்டம் மறைந்தது. ஒருவனை ஒருவன் ஏமாற்றிப் பந்தைக் கூடைக்குள் இடும் போட்டி எஞ்சியது.

1983இற் கொனாமி நிறுவனம் வெளியிட்ட மெய்வல்லுநர் விளையாட்டு வேறொரு வழியைக் காட்டிற்று. ஓடுதற்கு இரு பொத்தான்களை மாறி மாறி விரைந்து அழுத்தவேண்டும். நீளம் பாய்தலில் அவ்வாறு வேகம் பெற்றபின், பலகையை மிதிக்குமுன் மூன்றாம் பொத்தானை அழுத்திப் பாயுங் கோணத்தை அமைத்தல் வேண்டும். கால்களின் உழைப்பு விரல்களின் உழைப்பாக மாறியது. களைப்பு மாத்திரம் உண்மையாகவே இருந்தது.

இவற்றிலிருந்து மூன்று நெறிகளைப் பெறலாம். உருவத்தை நீக்கிச் செயலைக் கொள்ளுதல் ஒன்று. ஆட்களைக் குறைத்து எதிர்ப்பைக் கொள்ளுதல் மற்றொன்று. உடலின் உழைப்பை வேறோர் உழைப்பாக மாற்றுதல் மூன்றாவது.

அளவுத்திட்டம் என்னும் இடர்ப்பாடு

மைதானத்தை உள்ளவாறே சுருக்கி வரைந்தால் விளையாட்டாகிவிடும் என மாணவர் கருதுதல் இயல்பு. அது இயலாதென்பதைக் கணக்கிட்டே காட்டலாம். இக்கருவிகளுட் பலவற்றின் திரை 128 புள்ளி அகலமும் 128 புள்ளி உயரமும் உடையது. 105 மீற்றர் நீளமான உதைபந்தாட்டக் களத்தை அதன் அகலத்துள் அடக்கின், ஒரு புள்ளி ஏறத்தாழ 82 சதமமீற்றரைக் குறிக்கும். 22 சதமமீற்றர் விட்டமுள்ள பந்து, புள்ளியின் காற்பங்கே ஆகும். அஃதாவது கண்ணுக்குத் தோன்றாது. 7.32 மீற்றர் அகலமான இலக்கு ஒன்பது புள்ளிகளாகும். ஆட்டக்காரனை இக்கருவிகளில் வழக்கமான எட்டுக்கெட்டுப் புள்ளிச் சதுரத்தில் வரைவோமாயின், அவன் ஆறரை மீற்றர் அகலமான அரக்கனாகிவிடுவான். பந்துக்காப்பாளன் அசையாது நின்றாலே இலக்கு அடைபட்டுவிடும்! இருபத்திரண்டு பேரையும் நிறுத்தினாற் களத்தின் எட்டிலொரு பங்குக்கு மேல் அவர்களின் உடல்களே நிரப்பிவிடும்.

ஆகவே ஆக்குவோன் முன்னே மூன்று வழிகளே உள்ளன. களத்தின் ஒரு பகுதியை மாத்திரங் காட்டிப் பந்தோடு திரையையும் நகர்த்தலாம். ஆட்களைக் குறைத்து இலக்கை அகலமாக்கலாம். அன்றேல் முழு ஆட்டத்தையும் விட்டு, அதன் ஒரு கணத்தை மாத்திரம் எடுத்துக்கொள்ளலாம். தண்ட உதை அத்தகைய கணம். பதினொரு மீற்றர் தூரத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் உதைக்கப்படும் பந்து, 0.4 செக்கனில் இலக்கை அடையும். பந்து புறப்பட்டபின் அதன் திசையை முற்றாகக் கண்டு பாய்வதற்குக் காப்பாளனுக்கு நேரம் போதாது. அவன் முன்னரே ஊகித்தாக வேண்டும். இருவர், இடம், நடு, வலம் என்னும் மூன்று திசைகள், ஒரே நேரத்திற் செய்யப்படும் இரு தெரிவுகள். இதனை எத்துணைச் சிறிய கருவியிலும் ஆக்கலாம். ஆயினும் தண்ட உதையின் நெஞ்சத் துடிப்பு அதனுள் முழுமையாக அடங்கும்.

வகுப்பறைத் துடுப்பாட்டம் தரும் பாடம்

கணனி எம் நாட்டுப் பாடசாலைகளுக்கு வருமுன்னரே மாணவர் இக்கலையைத் தாமாகவே பயின்றிருந்தனர் என்பதைப் பழைய மாணவர் எவரும் மறுக்கமாட்டார். பாடப்புத்தகத்தை விரித்து இடப்பக்க எண்ணின் இறுதி இலக்கத்தை ஓட்டமாகக் கொள்ளும் புத்தகத் துடுப்பாட்டத்தை ஆடாதவர் எம்முள் எத்தனை பேர்? சரித்திரப் புத்தகம் அதற்கெனவே எழுதப்பட்டது என எண்ணியோரும் உளர்.

அதனைச் சற்று ஆராய்வாம். இடப்பக்க எண்கள் இரட்டை எண்களாதலின் இறுதி இலக்கம் 0, 2, 4, 6, 8 ஆகிய ஐந்தில் ஒன்றாகும். 0 வரின் ஆட்டமிழப்பு. ஐந்து முறைக்கு ஒருமுறை ஆட்டமிழப்பு நேருமாகையால், ஒருவர் சராசரியாக நான்கு முறை ஓட்டம் பெறுவார். ஒவ்வொரு முறையுஞ் சராசரி 5 ஓட்டங்கள். ஆக 20 ஓட்டங்கள். எட்டினை ஓர் ஓட்டமாகக் கொள்ளும் வழக்கத்தை மேற்கொள்ளின் அது 13 ஆகும். புள்ளிப்பலகை உண்மைத் துடுப்பாட்டத்தை ஒத்திருக்கும். சதமும் வரலாம், வீழ்ச்சியும் வரலாம். ஆயினும் இதில் ஆடுபவன் தீர்மானிப்பதற்கு ஒன்றுமில்லை. இது துடுப்பாட்டத்தின் நிழல், துடுப்பாட்டம் அன்று.

விரல் துடுப்பாட்டமோ அத்தகையதன்று. இருவரும் ஒரே நேரத்தில் ஒன்று முதல் ஆறு வரை விரல்களாற் காட்டுவர். எண்கள் ஒத்தால் ஆட்டமிழப்பு. ஒவ்வாவிடின் துடுப்பாடுபவன் காட்டிய எண் அவனுக்கு ஓட்டமாகும். இருவரும் மனம்போனவாறு காட்டின் சராசரி பதினேழரை ஓட்டங்கள் வரும். ஆனால் எவரும் அவ்வாறு காட்டுவதில்லை. எப்பொழுதும் ஆறு காட்டும் பேராசைக்காரனை எதிரி ஆறு காட்டியே வீழ்த்துவான். ஆகவே துடுப்பாடுபவன் சிறிய எண்களைச் சற்று மிகுதியாகவும், பந்துவீசுபவன் பெரிய எண்களைச் சற்று மிகுதியாகவும் காட்டுதலே நலம் என்பது கணக்கிட்டால் விளங்கும். கணித மாணவர் இதனைத் தாமே நிறுவிப் பார்ப்பாராக. ஓட்டத்தை விரும்பினால் ஆபத்தை ஏற்கவேண்டும் என்னுந் துடுப்பாட்டத்தின் அடிப்படை உண்மை, பந்தும் மட்டையும் இன்றிப் பத்து விரல்களுள் அடங்கிவிட்டது. புத்தக ஆட்டம் விளையாட்டின் முடிவைப் பின்பற்றியது. விரல் ஆட்டம் விளையாட்டின் தீர்மானத்தைப் பின்பற்றியது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவன், சிறு கருவிகளாற் பெரும்பயன் கொள்ளும் வழியை உணர்ந்தவனாவான்.

பிக்கோ-8இல் ஒரு துடுப்பாட்டம்

இன்றைய சிறு கருவிகளுள் யோசப் வைற் ஆக்கிய பிக்கோ-8 நன்கு அறியப்பட்டது. உண்மையில் என்றும் இருந்திராத ஒரு பழைய பொறியைக் கணனிக்குள் கற்பனையாக நிறுவுவது அது. 128க்கு 128 புள்ளித் திரை, 16 நிறங்கள், நான்கு திசைப் பொத்தான்களோடு வேறிரு பொத்தான்கள், செய்நிரலுக்கு 8192 சொற்கூறுகள் என்னும் வரம்பு ஆகியன அதன் இலக்கணம். இது விலைக்குரியதாயினும், உலாவியில் இயங்கும் கல்விப் பதிப்பு 2021 முதல் இலவசமாகக் கிடைக்கின்றது.

இதனுள் ஒரு பந்துவீச்சை அமைப்போமாக. இரு துடுப்பாட்டக் கோடுகளுக்கும் இடையே உள்ள தூரம் 17.68 மீற்றர். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து, நிலத்திற் பட்டு வேகங் குறைவதைக் கணக்கிடாவிடின், ஏறத்தாழ 0.45 செக்கனில் அத்தூரத்தைக் கடக்கும். பிக்கோ-8 வழக்கமாகச் செக்கனுக்கு 30 சட்டங்களைக் காட்டுவதால், இது 14 சட்டங்களாகும். மணிக்கு 80 கிலோமீற்றரில் வருஞ் சுழற்பந்துக்கு 24 சட்டங்கள். கண்டதைக் கை உணர்ந்து செயற்பட மனிதனுக்கு ஏறத்தாழ ஆறு சட்டங்கள் செல்லும். எனவே வேகப்பந்தை எதிர்கொள்பவனுக்கு எட்டுச் சட்டங்களும், சுழற்பந்தை எதிர்கொள்பவனுக்குப் பதினெட்டுச் சட்டங்களும் எஞ்சும். திரையில் ஆடுதளத்தை 98 புள்ளி நீளமாக வரைந்தால், வேகப்பந்து சட்டத்துக்கு ஏழு புள்ளியும் சுழற்பந்து நான்கு புள்ளியும் நகரவேண்டும். நேரத்தை உள்ளவாறே காத்துக்கொண்டோம். பந்தின் பருமனை மாத்திரம் கண்ணுக்குத் தோன்றுமாறு பெருக்கிக்கொண்டோம். நேரம் மெய்யாயின், பருமன் பொய்யாதலை விளையாடுபவன் மன்னிப்பான்.

இனித் தீர்மானம். ஒரு பொத்தான் தடுப்பதற்கும், மற்றது அடிப்பதற்கும் ஆகட்டும். தடுப்பவனுக்குத் தருணந் தவறாதிருக்க ஆறு சட்டங்கள் அளிக்கலாம்; அடிப்பவனுக்கு இரண்டே. பந்துவீச்சாளன் வேகத்தை ஓடிவரும் விதத்திற் காட்டாதிருக்கட்டும். பின்னர், வெற்றிக்கு வேண்டிய ஓட்டங்களையும் எஞ்சிய பந்துகளையும் திரையின் மேலே எழுதிவிட்டாற் போதும். பன்னிரண்டு பந்துகளில் நான்கு ஓட்டங்கள் வேண்டியபோது தடுத்தாடுபவன், நான்கு பந்துகளில் பன்னிரண்டு வேண்டியபோது அடித்தாட நிர்ப்பந்திக்கப்படுவான். களத்தடுப்பாளர் ஒன்பதின்மரையும் வரையாமலே ஒரு போட்டியின் இறுதி ஓவர் அங்கே பிறந்துவிடும்.

காலம் அசையாத கருவிகள்

பந்தின் வேகத்தை அமைக்கவே இடந்தராத கருவிகளும் உள. அடம் லெ டூ ஆக்கிய பிற்சி அத்தகையது. எட்டுக்கெட்டுப் புள்ளி ஓவியங்களால் நிறைந்த அறைகளில் ஓர் உருவம் கட்டங்கட்டமாக நடக்கும். பொருளையோ ஆளையோ தொட்டால் உரையாடல் தோன்றும். நாம் நடவாவிடின் அங்கே ஒன்றும் நிகழாது. இதனுள் விளையாட்டை எவ்வாறு அடக்குவது? பந்தை விட்டு, பந்துக்காகக் காத்திருப்போனை எடுத்துக்கொள்ளலாம். எல்லைக்கோட்டருகே நாள் முழுதும் நின்று ஒரு பந்தையும் தொடாத களத்தடுப்பாளன், தண்ணீர் சுமந்து செல்லும் பன்னிரண்டாம் ஆட்டக்காரன், நெடுந்தூர ஓட்டத்தில் இறுதியாக வருபவன் ஆகியோர்க்கும் சொல்வதற்கு உண்டு. புள்ளிப்பலகை காட்டாத விளையாட்டுச் சரித்திரம் அவர்களுடையதே.

ஸ்ரீபன் லவெல் 2013இல் வெளியிட்ட பசில்ஸ்கிரிப்ற் வேறுவகையானது. அதில் உருவங்கள் ஐந்துக்கைந்து புள்ளிகளே. செய்நிரலோ 'இவ்வாறு இருப்பின் அவ்வாறு ஆகுக' என்னும் மாற்று விதிகளின் கோவை. ஆடுபவன் ஓர் அடி வைத்தால் ஏனையனவும் ஓர் அடி வைக்கும். கட்டங்களாலான விளையாட்டு எதுவோ அதற்கு இது பொருந்தும். எம்மவரின் கிளித்தட்டு இதற்கு மிக ஏற்றது.

கிளித்தட்டில் நிலத்திற் கோடுகள் கீறப்படும். குறுக்குக் கோடுகளில் நிற்போர் தத்தங் கோட்டினின்றும் விலகாது, கடக்க முயல்வோரை மறிப்பர். கிளி நடுக்கோட்டின் வழியே ஓடி அவர்களுக்குத் துணைபுரியும். இதில், காவலன் ஒருவன் ஓடுபவன் ஒருவனுக்கு எதிரே எப்பொழுதும் ஓர் அடி நகர்வான் என விதித்துப் பார்ப்போம். ஓடுபவனாற் கடக்கவே இயலாது. ஏனெனில் உண்மைக் களத்தில் அவனுக்கு உதவும் உடலின் ஏமாற்றுச் சாய்வு இங்கு இல்லை. எனவே ஓடுவோரை இருவராக்குவோம். எவர் நகர்ந்தாரோ அவர் பக்கமாகக் காவலன் ஓர் அடி வைப்பான் என விதிப்போம். ஒருவன் இடப்புறமாகச் சென்று காவலனை இழுத்துக்கொண்டு போக, வலப்புறத்தில் நின்றவன் கோட்டில் ஏறிக் கடந்துவிடுவான். கிளித்தட்டின் உயிர் வேகத்தில் இல்லை, ஒருவன் தன்னைக் காட்டி மற்றவனுக்கு வழிதிறப்பதில் உள்ளது என்பதைக் கருவியின் குறையே எமக்குக் கற்பித்துவிட்டது. இதன்பின் கிளியைச் சேர்த்தல் மாணவர்க்குரிய அப்பியாசமாகட்டும்.

முடிவுரை

இம்முயற்சியில் இறங்கும் மாணவர் முதலிற் கணனியின் முன் அமர்தல் வேண்டா. மைதானத்துக்குச் சென்று ஆட்டத்தைக் கவனிக்க. ஆடுபவன் எக்கணத்தில் எதனைத் தெரிந்தெடுக்கின்றான் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுக. அதனைத் தாளிலும் நாணயத்திலும் விரல்களிலும் ஆடிப் பார்க்க. சுவை உண்டாயின் மாத்திரம் செய்நிரல் எழுதத் தொடங்குக. ஓவியமும் ஓசையும் இறுதியிலேயே வரட்டும்.

இதனாற் பிள்ளைகள் மைதானத்தை மறப்பர் என அஞ்சும் பெரியோருக்கு ஒன்று கூறுவோம். வியர்வையையும், தோற்றபின் எதிரியின் கையைப் பற்றுதலையும் எத்திரையும் தரமாட்டாது. ஆனால் விளையாட்டொன்றின் விதிகளைத் தானே எழுதிப் பார்த்தவன், மைதானத்தில் முன்னிலும் கூர்மையாகப் பார்ப்பான். மேலும், கிளித்தட்டு முதலிய எம் ஆட்டங்கள் பல ஊருக்கு ஊர் வேறுபட்ட விதிகளோடு, பெரும்பாலும் முதியோரின் நினைவிலேயே வாழ்கின்றன. கணனிக்கு 'ஏறக்குறைய' என்னுஞ் சொல் விளங்காது. அதற்கு விதியைச் சொல்ல வேண்டுமாயின், முதலில் அதனை ஐயந்திரிபற அறிந்திருத்தல் வேண்டும். ஆகவே மாணவர் தம் ஊர் முதியோரிடஞ் சென்று வினவுவாராக. எம் பழைய மாணவரும் தாம் ஆடிய களத்தின் கோடுகளையும், தாம் பிணங்கித் தீர்த்த விதிகளையும் நினைவுகூர்ந்து எழுதித் தருவாராக. அவை மறைந்தபின் எத்துணைப் பெரிய கணனியாலும் அவற்றை மீட்டல் அரிது. இன்று எழுதி வைத்தாலோ, 128 புள்ளிச் சிறுதிரையே அவற்றுக்குப் போதிய இடமாகும்.